விலைக்கு வாங்கிய தச்சு வரைபடங்கள்: ஈசூன் வீட்டில் செய்து பார்த்தபின் எழுதும் மதிப்பீடு

வீட்டுக்கு வேண்டிய அலமாரியையும் அடுக்கையும் நாமே செய்துகொள்ளலாம் என்று சொல்லி இணையத்தில் கிடைக்கும் தச்சு வரைபடங்களை, கடந்த இரண்டரை ஆண்டுகளில் மூன்று இடங்களிலிருந்து பெற்று, சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே ஐந்து பொருள்களைச் செய்து முடித்திருக்கிறேன். முதலாவது, ஆயிரக்கணக்கான வரைபடங்களை ஒரே கட்டணத்தில் தரும் பெரிய தொகுப்பு. இரண்டாவது, அமெரிக்காவின் அலாஸ்காவில் வசிக்கும் அனா ஒயிட் இலவசமாக வெளியிட்டு வரும் வரைபடங்கள். மூன்றாவது, இங்கிலாந்தில் தனியொரு தச்சர் ஒவ்வொன்றாக வரைந்து விற்பவை. தொகுப்பை விற்றவரையும் தனித் தச்சரையும் இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை. இத்தகைய தொகுப்புகள் பல பெயர்களில் உலவுவதால், பெயரைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே வாசகருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

வரைபடத்தின் அழகை வைத்து நான் மதிப்பிடவில்லை. இங்கே கடையில் கிடைக்கும் பலகையை, இங்குள்ள வீட்டில் வைத்திருக்கக்கூடிய கருவிகளைக் கொண்டு, அந்தத் தாளில் உள்ளபடி அறுத்துப் பொருத்தினால் பொருள் கோணாமல் நிற்கிறதா என்பது ஒன்றுதான் என் அளவுகோல். அமெரிக்க வரைபடங்கள் பெரும்பாலும் கார் நிறுத்தும் கொட்டகையில் மேசை ரம்பம் வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டவை. எங்களுக்கோ சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடம் ஒன்றே பட்டறை. பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி என்பதால் பலகையை அங்கே கொண்டுபோய்ப் பரப்பவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் சீரமைப்புப் பணிகள் செய்யக் கூடாது என்ற வீவக விதியை நான் என் சிறு வேலைக்கும் பொருத்திக்கொண்டேன். ஓசை எழுப்பும் வேலை சனிக்கிழமை பகலில் மட்டும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள், பசை, கைத்திருப்புளி ஆகியவற்றோடு நின்றுவிடும். கீழ்வீட்டு மலாய் மூதாட்டி பகலில் உறங்கும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே ஒரு வரைபடம் எத்தனை அறுப்புகளை வீட்டுக்குள் செய்யச் சொல்கிறது, எத்தனையை மரக்கடையிலேயே முடித்துக்கொள்ள விடுகிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கேள்வி.

முதலில் பெரிய தொகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஏறக்குறைய 90 சிங்கப்பூர் வெள்ளி செலவானது. விளம்பரத்தில் சொன்ன எண்ணிக்கை பொய்யில்லை; கோப்புகள் மலைபோல வந்து இறங்கின. ஆனால் அவற்றில் கோழிக்கூண்டும் படகும் தோட்டத்து ஊஞ்சலும் நிறைந்திருந்தன. ஒரே புத்தக அடுக்கு வெவ்வேறு பெயர்களில் மூன்று நான்கு இடங்களில் இருந்தது. பழைய இதழ்ப் பக்கங்களை மங்கலாக நகலெடுத்த கோப்புகளில் பின்ன எண்களைப் படிக்கவே முடியவில்லை. அறைகலன், சேமிப்பு என்ற இரு பிரிவுகளில் மட்டும் நான் திறந்து பார்த்த முந்நூறு கோப்புகளில், அளவுகள் முழுமையாகவும் தெளிவாகவும் இருந்தவை நாற்பதைத் தாண்டவில்லை. அந்த நாற்பதும் ஒரே கையால் வரையப்பட்டவை அல்ல என்பதால், ஒன்றில் நம்பிக்கை வைத்து அடுத்ததற்குப் போனால் அங்கே விதிமுறை மாறிவிடுகிறது.

அந்தத் தொகுப்பிலிருந்து நான் செய்த முதற்பொருள் நான்கு இழுப்பறைகள் கொண்ட சிறு பேழை. அதில் ஏற்பட்ட பிழையைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அங்குல அளவில் எழுதப்பட்ட எந்த வரைபடத்திலும் இது நேரலாம். வரைபடம் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை என்றது. அது 19 மில்லிமீட்டர். இங்கே அதற்கு நிகராகத் தருவது 18 மில்லிமீட்டர் பலகை. நான் வாங்கியதை அளந்தபோது 17.5 தான் இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று எண்ணி வெட்டுப் பட்டியலில் உள்ளபடியே அறுத்துவிட்டேன். இழுப்பறையின் முன்பலகையும் பின்பலகையும் இரு பக்கப் பலகைகளுக்கு நடுவில் பொருந்துபவை. பக்கப் பலகை ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் மெலிந்திருந்ததால், பெட்டியின் மொத்த அகலம் 3 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. பக்கவாட்டில் பொருத்தும் குண்டு உருளைத் தண்டவாளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே அது தளரத் தொடங்கும். நான்கு இழுப்பறைகளும் ஆடின, ஒன்று கழன்று விழுந்தது. இருபுறமும் மெல்லிய மரச்சீவலை ஒட்டித்தான் சரிசெய்ய முடிந்தது. பலகையின் தடிமனை அளந்து பார்த்த பிறகே அறுக்கத் தொடங்குங்கள் என்ற ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

அடுத்த குறை மரக்கடையில் தெரிந்தது. வீட்டில் பெரிய பலகையை அறுக்க இயலாததால் சுங்கை காடுட்டில் உள்ள ஒரு மரக்கடையிலேயே அறுத்து வாங்குவது என் வழக்கம். முழுப்பலகை 1220க்கு 2440 மில்லிமீட்டர், எங்கள் மின்தூக்கியில் அதை நிறுத்தவும் முடியாது. தொகுப்பில் இருந்த செருப்பு அலமாரியின் வெட்டுப் படத்தை நீட்டியபோது, கடைக்கார அங்கிள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். அவருடைய இயந்திரம் பலகையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நேராக அறுக்கக்கூடியது. நடுவில் நின்று திரும்பாது. அந்தப் படத்திலோ துண்டுகள் செங்கல் கட்டுபோல ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தன. பலகையை மிச்சப்படுத்தும் கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது, ஆனால் எந்த ரம்பத்தால் அறுப்பது என்பதை வரைந்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. அறுக்கும் ஒவ்வொரு கோட்டிலும் ரம்பம் தின்னும் மூன்று மில்லிமீட்டரையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு துண்டுகளை அடுத்தடுத்து அறுத்தால் கடைசித் துண்டில் 15 மில்லிமீட்டர் காணாமல் போகும். கடை வாசலில் நின்று, தாளின் பின்புறத்தில் எல்லாவற்றையும் நானே மறுபடியும் வரைந்தேன்.

இதே தொகுப்பிலிருந்து செய்த கூடத்து மேசை வேறொரு பாடம் தந்தது. மேற்பலகையைத் தேக்கில் செய்தேன். வரைபடம் அந்த 600 மில்லிமீட்டர் அகலப் பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு நான்கு பக்கமும் பசை தடவித் திருகாணியால் இறுக்கச் சொன்னது. மரம் ஈரத்தை வாங்கும்போது அகலவாட்டில் விரியும், இழக்கும்போது சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. பச்சை மரம் முழுவதும் உலரும்போது தேக்கு, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 விழுக்காடும், மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஆரத் திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும் என்பது அட்டவணைக் கணக்கு. வேறு பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. இருந்தும் 600 மில்லிமீட்டர் பலகையின் ஈரம் நான்கு விழுக்காடு இறங்கினால் நான்கைந்து மில்லிமீட்டர் சுருங்கத்தான் செய்யும். அமெரிக்க வீடுகளின் உட்புறத்துக்கு மரம் சராசரியாக 8 விழுக்காடு ஈரத்தில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கு. சிங்கப்பூரின் திறந்த காற்றில் வைத்த மரம் 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இரவெல்லாம் குளிரூட்டி ஓடும் அறையில் அது இறங்கும். எங்கள் மேசையைக் கூடத்திலிருந்து குளிரூட்டிய படிப்பறைக்கு மாற்றிய மூன்றாம் மாதம், நடுப்பகுதியில் பசைக் கோட்டை ஒட்டி விரிசல் விட்டது. பிறகு சட்டத்தில் திருகாணித் துளைகளை நீள்வட்டமாக அகழ்ந்து, பலகை நகர இடம் விட்டு மறுபடியும் பொருத்தினேன்; இன்றுவரை சரியாக இருக்கிறது. முழுமரப் பலகையை மேசைக்கு மேல் பொருத்தும் வரைபடம் எதை வாங்கினாலும், பலகை அசைய இடம் விட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த வரைபடத்தின் மற்ற பக்கங்களையும் ஐயத்தோடு படிப்பது நல்லது.

அனா ஒயிட்டின் இலவச வரைபடங்கள் வேறு வகை. மரக்கடையில் அப்படியே கிடைக்கும் அளவுச் சட்டங்களை வைத்து, சாய்வாகத் துளையிட்டுச் செலுத்தும் கோணத் துளைத் திருகாணியால் இணைப்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் முறை. பொருள்கள் எளியவை, படிகள் தெளிவானவை, புதிதாகத் தொடங்குபவர் துணிந்து இறங்கலாம். ஆனால் இங்கே பயன்படுத்தும்போது இரண்டை நினைவில் வைக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு என்று சொல்லப்படும் அமெரிக்கச் சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 38க்கு 89 மில்லிமீட்டர். பெயரை நம்பி 50க்கு 100 மில்லிமீட்டர் சட்டத்தை வாங்கினால் எல்லா அளவும் தவறும். அந்தச் சட்டங்கள் அங்கே மலிவான ஊசியிலை மரத்தில் கிடைப்பவை. இங்கே நான் சென்ற கடைகளில் அதே அளவு எளிதில் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலையும் கூடுதல். ஒட்டுப்பலகையைப் பட்டையாக அறுத்தோ, சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் ஒட்டிய ரப்பர் மரப் பலகையை வாங்கியோ ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி, பூச்சி துளைக்காமல் இருக்கப் போரான் கரைசலில் பதப்படுத்தி வரும் அந்தப் பலகை, வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இளநிறமானது, இழைப்புளிக்கு இணங்கும்.

இனி மூன்றாவது. இங்கிலாந்துத் தச்சரிடமிருந்து ஒரு சேமிப்பு அடுக்கின் வரைபடத்தை ஏறக்குறைய 20 வெள்ளிக்கு வாங்கினேன். பெரிய தொகுப்பில் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குக் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு 20 வெள்ளி அதிகம்போலத் தோன்றும். செய்து முடித்தபின் அந்த எண்ணம் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டுப் புகலறைக்காகவே, அதாவது போர் போன்ற நெருக்கடியில் ஒதுங்குவதற்கென வீட்டுக்குள் கட்டப்பட்ட அறைக்காகவே, அதைத் தேடினேன். 1997ஆம் ஆண்டுக் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தைத் தொடர்ந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் அந்தத் தடித்த சுவர் அறையைப் பெரும்பாலோர் பண்டக அறையாகத்தான் பயன்படுத்துகிறோம். அதன் சுவர்களில் விரும்பியபடி துளையிட முடியாது. குடிமைத் தற்காப்புப் படை வகுத்த கட்டுப்பாடுகள் உள்ளன. எனவே சுவரைப் பற்றாமல் தன் காலிலேயே நிற்கும் அடுக்கு வேண்டும். காற்றோட்டக் குழாயின் வாயையும் அது மறைக்கக் கூடாது. அரிசி மூட்டை, மாவரைக்கும் இயந்திரம், பெரிய இட்லிப் பானை, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பித்தளைப் பாத்திரங்கள் என எல்லாம் கனமானவை.

அந்த வரைபடத்தின் முதல் பக்கத்திலேயே தடிமனை எண்ணாகத் தராமல், நீங்கள் வாங்கிய பலகையை மூன்று இடங்களில் அளந்து சராசரியை இங்கே எழுதுங்கள் என்று ஒரு கட்டத்தை விட்டிருந்தார். அதன்பின் வரும் எல்லா நீளங்களும் அந்த எண்ணிலிருந்து கழித்தோ கூட்டியோ நாமே நிரப்பும் வகையில் இருந்தன. இழுப்பறையில் நான் பட்ட தொல்லைக்கு இதைவிடச் சுருக்கமான மருந்து இல்லை. வெட்டுப் படத்தில் முதல் அறுப்புகள் அனைத்தும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை செல்பவை. அவற்றுக்கு வரிசை எண் இட்டு, ரம்பம் தின்னும் அகலத்தையும் கழித்திருந்தார். அதே கடைக்கார அங்கிள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் அத்தனை துண்டுகளையும் அறுத்து எண்ணிட்டுக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் எனக்கு எஞ்சியவை துளையிடுதலும் பொருத்துதலும் மட்டுமே.

அடுக்கு 1.5 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தாங்குபலகை நிற்பதால் ஒவ்வொரு தட்டும் 730 மில்லிமீட்டர் தூரத்தையே தாண்டுகிறது. இதன் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரே அடர்த்தியில் சுமை பரவியிருக்கும் தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒன்றாகக் குறையும். பெரிய தொகுப்பில் இருந்த ஒரு புத்தக அடுக்கு, 18 மில்லிமீட்டர் பலகையை 1.2 மீட்டர் நீளத்துக்கு நடுத்தாங்கல் இல்லாமல் விட்டிருந்தது. அந்தத் தட்டு 730 மில்லிமீட்டர் தட்டைவிட ஏழு மடங்குக்கு மேல் தொய்யும். படத்தில் பூச்சாடியும் இரண்டு நூல்களும் வைத்திருந்ததால் அது தெரியவில்லை. எங்கள் அடுக்கில் பதினான்கு மாதங்களாக அரிசி மூட்டையும் மாவரைக்கும் இயந்திரமும் ஒரே தட்டில் இருக்கின்றன. நேர்கோலை வைத்துப் பார்த்தால் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தச்சர் ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் 40 மில்லிமீட்டர் உயரச் சட்டம் ஒன்றையும் நிமிர்த்தி ஒட்டச் சொல்லியிருந்தார். அழகுக்கென்று நினைத்திருந்தேன், அதுவும் தொய்வைத் தடுக்கவே.

குறை இல்லாமல் இல்லை. நிழற்படங்கள் மிகக் குறைவு. திருகாணிகளை இங்கிலாந்தின் எண் முறையில் குறித்திருந்ததால் ஜாலான் புசார் பக்கம் ஒரு வன்பொருள் கடையில் அளந்து பார்த்துத்தான் வாங்க முடிந்தது. மேல்பார்வைப் படம் முன்பார்வைக்குக் கீழே வரையப்பட்டிருந்ததும் முதலில் குழப்பலாம். அது முதற்கோண முறை. அமெரிக்க வரைபடங்கள் மூன்றாங்கோண முறையில் மேல்பார்வையை மேலே வைக்கும். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கில் முதற்கோண முறையையே படித்ததால் எனக்கு இது எளிதாக இருந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கற்றதை வைத்து என்னைவிட விரைவாகப் படத்தைப் பொருளாக மனத்தில் சுழற்றிப் பார்த்தாள். இடப்பக்கப் பலகைக்கும் வலப்பக்கப் பலகைக்கும் நான் ஒரே புறத்தில் துளையிட இருந்ததைத் தடுத்தவளும் அவளே.

என் தாத்தா ஊரில் ஆசாரி வேலை பார்த்தவர். அவர் அளவுநாடாவை அதிகம் எடுத்ததில்லை; முழக்கோலில் கோடு கீறி, அந்தக் கோலையே பலகை பலகையாக எடுத்துச்சென்று வைப்பார். அங்குலப் பின்னங்களை மில்லிமீட்டராக மாற்றி மாற்றி ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் பிசகிய பிறகு, நானும் ஒரு நீளச் சட்டத்தில் அடுக்கின் எல்லா உயரங்களையும் ஒருமுறை குறித்து, அதையே எல்லாப் பக்கங்களுக்கும் வைத்தேன். இங்கிலாந்துத் தச்சரும் இதே முறையைத் தன் வரைபடத்தின் ஓரத்தில் பரிந்துரைத்திருந்ததைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு செய்திகள். உயரமான அடுக்கையும் இழுப்பறைப் பேழையையும் சுவரோடு கட்டிவைக்கும் பட்டையை வரைபடம் குறிப்பிட வேண்டும். குழந்தைகள் இழுப்பறையில் ஏறிப் பேழை கவிழ்வதைத் தடுக்கவே அமெரிக்காவில் 2022இல் ஸ்டர்டி சட்டம் இயற்றப்பட்டது. பெரிய தொகுப்பின் பேழையில் இதுபற்றி ஒரு சொல் இல்லை; படுக்கையறையின் சாதாரண காங்கிரீட் சுவரில் நானே பிளாஸ்டிக் ஆப்பு அடித்துக் கட்டினேன். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தவோ நீரில் ஊறவைக்கவோ வேண்டும். எண்ணெய்ப் பூச்சைப் பரிந்துரைத்த தொகுப்பு வரைபடங்களில் நான் படித்த எதிலும் இந்த எச்சரிக்கை இல்லை. அடுக்குமாடி வீட்டில் இது மன்னிக்கக்கூடிய விடுபடல் அன்று. வீட்டுக்குள் வைத்துப் பூச நேர்ந்தால் நீர் அடிப்படையிலான பாலியூரித்தேனே எனக்கு ஏற்றதாக இருந்தது, நெடியும் குறைவு.

கடைசியாக, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒன்று. நவராத்திரிக்குக் கொலுப்படி வேண்டும் என்று அம்மா கேட்டார். மூன்று இடங்களிலும் தேடி, அனா ஒயிட் வகையிலான எளிய முறையில் நான் கண்ட மூன்றடுக்குச் செடித் தாங்கி ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். ஈர மண் நிறைந்த சட்டிகளைத் தாங்க வரையப்பட்டது என்பதால் வலிமையைப் பற்றிக் கவலையில்லை. பலகைகளைக் கழற்றி அடுக்கவும் முடியும். செடிக்குப் போதுமான 180 மில்லிமீட்டர் தட்டு ஆழம் பொம்மைகளுக்குப் போதாது. அதை 250 ஆக்கி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே 230 உயரம் விட்டு, ஐந்து படிகளாக விரித்தேன். மேலே பட்டுப் புடவையை விரிப்பதால் பலகைக்கு மெருகு தேவைப்படவில்லை, முனைகளை மட்டும் புடவை கிழியாதபடி நன்றாக உருட்டினேன். மேல்படியில் கலசமும் மரப்பாச்சிகளும், கீழ்ப்படியில் செட்டியாரும் அவர் மனைவியும் ஒன்பது நாளும் அசையாமல் இருந்தார்கள். சாய்வுச் சட்டம் 1.7 மீட்டர் நீளம். கழற்றியதும் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது.

வரும் ஆண்டு ஏழு படி வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதே கணக்கில் சாய்வுச் சட்டம் 2.4 மீட்டரை எட்டும். கட்டிலுக்கு அடியில் போகாது, மின்தூக்கியிலும் நிற்காது. சட்டத்தை நடுவில் இரண்டாக்கிக் கீல் வைத்தோ கழுந்து செருகியோ இணைத்தால் அந்த இடத்தில் சுமை எப்படி இறங்கும் என்பதைத்தான் இப்போது வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடக்கக்கூடிய ஏழுபடிக் கொலுவுக்கு, பலகைத் தடிமனை வாங்குபவர் அளந்து எழுதக் கட்டம் விட்டு யாரேனும் வரைபடம் விற்றால், 20 வெள்ளி கொடுத்து நான் முதலில் வாங்கிக்கொள்வேன்.